தெருவுக்கு இறங்கிய அம்மிக்கல்

தம்பி, உன் கடிதம் செவ்வாய்க்கிழமைத் தபாலில் வந்தது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் அக்கா. உன் கல்யாண வேலைக்காக ஆண்டிபட்டியிலிருந்து முன்கூட்டியே வந்துவிட்டாள். நீ எழுதியதை அவள் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். முதல் முறை, கோயம்புத்தூரில் நீ சௌக்கியமாக இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை, நடுவில் வந்த அந்த நாலு வரிக்காக. பெண் வீட்டுக் கூடலூர்க்காரர்களுக்கு மேல்மாடியில் முன்பக்கத்து ஏழு அறைகள் போதும், அவை எப்படியும் காலியாகத்தான் கிடக்கும், நாம் கீழே நம் அறையிலேயே இருந்துகொள்ளலாம், ஆத்தாவுக்கு இடுப்புவலி, அந்த அம்மிக்கல்லைத் தூக்கித் தெருவில் போடுகிற சடங்கெல்லாம் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வாசித்து முடித்ததும் உன் அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அடுப்படியிலிருந்து உன் ஆத்தா எட்டிப் பார்த்து, "அப்பனும் மகளும் என்னத்துக்கு இப்பிடிக் கனைக்கிறீக?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை. "அய்யாவுக்குத் தப்பாம மகன் பெறந்திருக்கான். கூடலூர் சனம் பஸ்ஸு ஏறுறதுக்கு முன்னாடி அவனுக்கு எழுதிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ எழுதியது, அந்தக் காலியாகக் கிடக்கிற ஏழு அறை உட்பட, நான் ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொன்னது. அப்படிச் சொன்னதால் உன் அக்காவின் கல்யாணம் முறிந்துபோக இருந்தது. இது உனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான், உன்னிடம் யாரும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். கல்யாணத்தன்று காலை நீ மதுரை ஹாஸ்டலிலிருந்து ரயிலில் வந்து இறங்கினாய். பரீட்சை முடியாமல் அனுப்ப மாட்டோம் என்று முந்தின நாள் உன்னைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே ஓட்டல், ஓட்டல் வாசலில் நடுத்தெருவில் உன் ஆத்தாவின் அம்மிக்கல், சுற்றிலும் கோலம். "அய்யா, அம்மி ஏன் தெருவுல கெடக்கு?" என்று கேட்டாய். "தரையக் கழுவுனோம்டா" என்றேன். அது பொய். அதற்குப் பிறகு நம் ஓட்டலில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் நாம் நம் அறையை விட்டு வெளியே வந்ததையும், அம்மி வாசலுக்கு வந்ததையும் பார்த்து வளர்ந்தாய். ஏதோ சாமி காரியம் என்று நினைத்துக்கொண்டாய். சாமிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. என் வறட்டுக் கௌரவம்தான் அதற்கு மூலம். உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, சாவிக்கொத்தும் உன் கைக்கு வரப்போகிறது. இனிமேல் மறைக்கக் கூடாது.

முதலிலிருந்து சொல்கிறேன். தேனிக்கு ரயில் வரப்போகிறது என்று ஊர் பேச ஆரம்பித்த காலத்தில் நான் வெள்ளாமை செய்கிற சம்சாரி, கொஞ்சம் வண்டிக்காரன். வெள்ளாமை இல்லாத மாதங்களில் கூடலூர் தாண்டி மலையேறிக் குமுளிக்குப் போய் ஏலக்காய் ஏற்றி வருவேன். அந்த வியாபாரிகள் எங்கே படுப்பார்கள் தெரியுமா? வண்டிக்கு அடியில். மூட்டைக்கு ஒரு ஆள் காவல், மழை வந்தால் மூட்டைமேல் படுதா, ஆளுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு மனுசன் நனைகிறான் என்பதைப் பார்க்க எழுத்து எதற்கு? ரயில் ஸ்டேஷனுக்கு இடம் அளந்து கல் நட்டபோது, அது எங்கள் மிளகாய்த் தோட்டத்துக்கு நேர் எதிரே விழுந்தது. அந்தத் தோட்டம் எனக்கும் உன் பெரியப்பாவுக்கும் பொது. நான் என் பங்கைப் பிரித்துக் கேட்டேன். ரோட்டோரம் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தையும், குடியிருந்த வீட்டையும் விற்று ஓட்டல் கட்டப்போகிறேன் என்றேன்.

உன் பெரியப்பா அன்றைக்கு வரப்பில் மண்வெட்டியோடு நின்றார். "ஏலே, சத்திரம் கட்டுறவன் புண்ணியத்துக்குக் கட்டுவான். நீ காசுக்குக் கட்டப்போறியாக்கும்? சொந்தக்காரன் இல்லாத ஊரு உண்டாலே? காசு குடுத்துப் படுக்குறவன் அநாதப் பய. அநாதப் பயலுகளுக்கு நம்ம அய்யா வச்ச மண்ணக் குடுக்கப் போற" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "மண்ணக் கட்டி அழுகிறவுக அழுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அதோடு பேச்சு நின்றது. அவர் வீடு நம் ஓட்டலிலிருந்து கூப்பிடு தூரம். ஒன்பது வருஷம் அந்தக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு நாங்கள் இரண்டு பேரும் கூப்பிடவில்லை.

கட்டடம் கட்டினதைச் சொல்ல எனக்கு அலுக்காது. உனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும், இருந்தாலும் கேள். சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் ஊற்றி ஆட்டி, வெண்ணெய் மாதிரி வந்த பிறகுதான் சுவரில் பூசவிட்டேன். உத்தரத்துக்குத் தேக்கு மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. குமுளி இறக்கத்தில் மரம் நீளம், வளைவு குறுக்கு. ஒரு வண்டியில் தலையும் இன்னொரு வண்டியில் வாலுமாகக் கட்டி, வளைவுக்கு வளைவு மாட்டை அவிழ்த்து, மரத்தை ஆட்களை வைத்துத் திருப்பித் திருப்பி இறக்கினேன். மூன்றாவது தளம் எழும்பியபோது சந்தைக்கு வந்த சனம் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தது. கோயில் கோபுரத்தைத் தவிர அவ்வளவு உயரத்தில் எதையும் அதுவரை இந்தப் பக்கத்து ஆட்கள் கழுத்தை வளைத்துப் பார்த்ததில்லை. போர்டில் பெயிண்டர் அழகாக ஒரு பேர் எழுதினான். ஊர் அதை வாசிக்கவே இல்லை. மாடியைச் சொல்லி மச்சு ஓட்டல் என்றது. இன்றைக்கும் அதுதான் பேர்.

ரயில் வந்தது. ஆள் வரவில்லை. வந்தவர்கள் சாப்பிட்டார்கள், உன் ஆத்தா அம்மியில் அரைத்து வைத்த குழம்புக்கு இரண்டாம் முறை சோறு கேட்டார்கள், கையைக் கழுவிக்கொண்டு சொந்தக்காரன் வீட்டுக்குப் படுக்கப் போனார்கள். ரோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கீழ் அறையைக் காட்டினால், "தலைக்கு மேல ஊரான் கால் நடக்கும், அதுக்கு அடியில எப்பிடிப் படுக்குறது?" என்பார்கள். மேல் அறையைக் காட்டினால், "ராத்திரி உருண்டு விழுந்தா?" என்பார்கள். நம் மச்சு ஓட்டலில் முதல் முதல் அறை எடுத்துத் தங்கியது மனுசனே இல்லை. ஒரு அடைமழை நாளில் குமுளி ஏலக்காய் வியாபாரி மாத்தன் நனைந்துகொண்டு வந்தான். அப்போது அவனுக்கு மீசை கறுப்பு. "ஏலத்துக்கு ஒரு முறி வேணும்" என்றான். மலையாளத்தில் ஏலம் என்றால் ஏலக்காய், முறி என்றால் அறை. மூட்டைகளைக் கட்டில்மேல் அடுக்கினான், கதவைப் பூட்டினான், சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு முன்வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான். "ஏம்ப்பா, நீயும் உள்ள படுக்கலாமே" என்றேன். "எனிக்கு எவிடயும் உறக்கம் வரும். ஏலத்துக்கு வராது" என்றான். மறுநாள் சந்தையில் அவன் சரக்கு ஒன்றுதான் காய்ந்து மணத்தது. அதற்கப்புறம் மூட்டைகள் வந்தன. மூட்டைகளைத் தொடர்ந்து மனுசர்கள் வந்தார்கள். எனக்கு நம்பர் படிக்கத் தெரியாததால், அறைச் சாவிகளில் ஆசாரியிடம் மரத்தில் செதுக்கி வாங்கி ஒவ்வொரு உருவம் கட்டித் தொங்கவிட்டேன். யானை, மாங்காய், ஏர், மணி, மீன். தமிழோ மலையாளமோ இந்துஸ்தானியோ, எந்தப் பேச்சுக்காரனும் தன் அறையைத் தப்பாமல் கண்டுபிடித்தான். நீ காலேஜில் படித்துவிட்டு வந்து நம்பர் போடலாம் என்றபோது நான் ஏன் சண்டை போட்டேன் என்று இப்போது புரிகிறதா?

ஓட்டல் நிமிர்ந்த நேரத்தில் ஆண்டிபட்டிச் சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், கிணற்றுப் பாசனம், பையன் வெற்றிலைகூடப் போடாதவன். ரயில் வசதி இருக்கிறது, கல்யாணத்தைப் பெண் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொன்னார்கள். உன் ஆத்தா ஒரு மாதம் முன்னாலேயே கேட்டாள், "அவுகள யாரு வீட்டுல எறக்கப் போறீக?" என்று. நம் பக்கத்துப் பழைய முறை ஒன்று உண்டு. சம்பந்தி வந்தால் நெருங்கின சொந்தக்காரன் ஒருவன் தன் வீட்டை ஒழித்து, வெள்ளையடித்து, அண்டாவில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு மாட்டுக்கொட்டத்திலோ மரத்தடியிலோ போய் இருக்கவேண்டும். அது உன் பெரியப்பா செய்யவேண்டிய காரியம். அதற்கு நான் போய் அவர் வாசலில் நின்று கேட்கவேண்டும். "எதுக்கு ஒருத்தன் வாசல்ல நிக்கணும்? நம்மகிட்ட ராசா படுக்கிற மாதிரி ரூம்பு கெடக்கு. ஏழு ரூம்பு போதும்" என்றேன். ஓட்டல் பெரிது, அதனால் அப்படிச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை தம்பி. அண்ணனிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கத்துக்கு மேல் மூன்று மாடிக் கட்டடத்தைப் போட்டு மூடினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்கால ரயிலில் ஆண்டிபட்டிக்காரர்கள் மேளதாளத்தோடு வந்து இறங்கினார்கள். சந்தனம் கொடுத்து, மாலை போட்டு, நானே மாடிக்குக் கூட்டிப்போனேன். சம்பந்திக்கு யானை அறை. கொசுவலைக் கட்டில், ஆள் உயரக் கண்ணாடி, ஜன்னலைத் திறந்தால் மேகமலை. அவர் உள்ளங்கையால் மெத்தையை அமுக்கிப் பார்த்தார். ஜன்னலில் நின்று மலையைப் பார்த்தார். திரும்பி வந்து நிதானமாகக் கேட்டார்.

"கட்டடம் அருமையா இருக்கு சம்பந்தி. எங்களுக்காக யாரு வீட்ட விட்டு எறங்குனாக?"

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பெருமையாகச் சொன்னேன். "யாரும் எறங்க வேண்டியதில்ல. இங்கன ஏழு ரூம்பு காலியாத்தான கெடக்கு."

அவர் முகம் சுருங்கியது. "காலியாக் கெடந்ததத்தான் எங்களுக்குக் குடுத்தீகளாக்கும்" என்றார். கூட வந்திருந்த அவருடைய அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, "நேத்து எவன் படுத்தானோ, நாளைக்கி எவன் படுப்பானோ. நமக்குன்னு ஒரு அடுப்பு எறக்கி வைக்க இந்த ஊருல நாதி இல்ல. பொண்ணெடுக்க வந்தமா, சந்தைக்கி வந்தமா? ஏந்திரிங்கப்பா" என்றது. அவ்வளவுதான். வந்த சனம் மொத்தமும் மாடியிலிருந்து இறங்கி, ரோட்டைக் கடந்து, ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை மாலையோடு நடுவில். போடியிலிருந்து திரும்புகிற ரயில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரும். அது வந்தால் ஏறிப் போய்விடுவார்கள்.

நான் பிளாட்பாரத்துக்கு ஓடினேன். ஓடி என்ன செய்தேன்? இன்னும் நல்ல அறை தருகிறேன் என்றேன். அவர்கள் கேட்டது ஒன்று, நான் நீட்டிக்கொண்டே இருந்தது வேறொன்று. "சம்பந்தி, கட்டிலுக்கு நாங்க கோவிக்கல. தரையில படுக்குறவுகதான் நாங்க. எங்கள மதிச்சு ஒரு குடும்பம் ஒரு ராத்திரி சிரமப்படலேன்னா, நாளைக்கி எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணுக்கு என்ன மதிப்ப நீங்க கத்துக்குடுத்து அனுப்பியிருப்பீக?" என்று சம்பந்தி கேட்டார். இங்கே உன் அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டு, "அய்யா, இதையும் எழுதணுமா? அவுக இப்ப என் மாமனாரு" என்கிறாள். எழுது மகளே. அவர் கேட்ட கேள்விக்காகவே அவரை நான் கும்பிடுகிறேன்.

ஓட்டலில், கீழ்த்தளத்தில் பின்பக்கத்து அறைதான் நம் வீடு, அன்றும் இன்றும். உன் அக்கா அங்கே மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்தாள். யாரோ ஓடிவந்து உன் ஆத்தாவிடம் சங்கதியைச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அழவும் இல்லை, என்னைத் தேடவும் இல்லை. குத்துவிளக்கை எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்து தெருவில் வைத்தாள். பிறகு தண்ணீர்க் குடம். பிறகு பாய், தலையணை, நெல் குலுக்கை மூடி, உன் பழைய தொட்டில் கம்பு. பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் நேர் எதிரே தெரிகிறது. கடைசியாக உள்ளே போனவள் வெகு நேரம் வரவில்லை. கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த அம்மிக்கல்லைத் தூக்க முடியாமல், நான் காரைக்குடிப் பக்கமிருந்து வரவழைத்துப் பதித்த பூக்கல் தரைமேல் இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கீறல் இன்னும் கிடக்கிறது. அந்த இடத்துக்குப் புதுக்கல் போடவேண்டும் என்று போன தடவை வந்தபோது சொன்னாயே, போட்டுவிடாதே.

முன்வராந்தாவில் இருந்த மாத்தன், "எந்தா அம்மே இது?" என்று பதறி எழுந்தான். "சம்பந்திக்கு வீடு எறங்குறோம். எங்களுக்கு வேற வீடு ஏது? இதுதான வீடு. இது மொத்தமும் அவுகளுக்கு" என்றாள், பிளாட்பாரத்துக்குக் கேட்கிற மாதிரி. அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. போய் ஏலக்காய் மூட்டை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் வைத்தான். அடுத்த மூட்டைக்குப் போனான். மாங்காய் அறையிலிருந்த விருதுநகர்ப் பஞ்சு வியாபாரி, பாதி சவரம் செய்த முகத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மீன் அறை, மணி அறை, ஏர் அறை, ஒவ்வொருவராகச் சாவியைக் கொண்டுவந்து உன் ஆத்தாவின் காலடியில் வைத்துவிட்டுத் தெருவில் நின்றார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை. தெரு முழுக்க ஏலக்காய் வாசனை.

வாசற்படியில் அம்மி சிக்கிக்கொண்டது. படி உயரம், அவளால் இறக்க முடியவில்லை. நான் ரோட்டைக் கடந்து ஓடிவந்து குனிந்தபோது, எனக்கு முன்னால் இரண்டு கைகள் கல்லுக்கு அடியில் போயிருந்தன. நிமிர்ந்து பார்க்காமலே அது யார் கை என்று தெரியும். அந்தக் கட்டைவிரல் நகம் சிறு வயதில் என்னால்தான் நசுங்கியது.

"ஏலே, குழவிய நீ எடு. கல்ல நான் எடுக்குறேன்" என்றார் உன் பெரியப்பா. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

கல்லைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தெறிப்பு. "வெள்ளையடிச்சு, அண்டாவ நெரப்பி, வீட்ட விட்டு எறங்கி ரெண்டு நாளாச்சு. ஒங்க மதினியும் நானும் மாட்டுக்கொட்டத்துல கெடக்குறோம். இப்பக் கேப்பான், பெறகு கேப்பான்னு வாசலயே பாத்துக்கிட்டு இருக்கேன். ஒனக்குக் கேக்க வாயி வரல. எனக்கு வந்து சொல்ல காலு வரல. ரெண்டும் ஒரே வயித்துல பெறந்த கழுதைகதான்" என்றார். பிளாட்பாரத்தில் யாரோ சிரித்தார்கள். சம்பந்தியின் அக்காதான் அது.

ரயில் வந்தது. நின்றது. ஊதியது. போனது. ஆண்டிபட்டிக்காரர் ஒருத்தர்கூட ஏறவில்லை.

புகை கலைந்தபோது சம்பந்தி ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார். நேரே உன் ஆத்தாவிடம் வந்து, "தாயி, ரெண்டு வீடு எங்களுக்காக எறங்கி நிக்குது. போதும். கல்ல உள்ள கொண்டுபோங்க" என்றார். உன் ஆத்தா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "அது தாலி ஏறுன பெறகுதான் உள்ள வரும். நீங்க போய் ஒங்க வீட்டுல காலக் கழுவுங்க" என்றாள். ஒங்க வீட்டுல என்றாள், கவனி. மூன்று மாடியையும் அந்த ஒரே வார்த்தையில் தூக்கிக் கொடுத்தாள். பெரியவர்கள் உன் பெரியப்பா வீட்டில், இளவட்டங்கள் ஓட்டலில். வியாபாரிகள் எங்களோடு தெருப்பந்தலில். உன் ஆத்தா தெருவிலேயே அம்மியில் மசாலா அரைத்து அத்தனை பேருக்கும் குழம்பு வைத்தாள். மாத்தன் பந்திக்குப் பந்தி பாயசத்தில் ஏலக்காயை உரித்துப் போட்டுக்கொண்டே இருந்தான், போதும் என்றாலும் கேட்கவில்லை. மறுநாள் காலை நீ வந்து இறங்கினாய். என்னைக் கேட்டாய். தரையைக் கழுவினோம் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் ஏன் நடந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த வருஷமே சின்னமனூரிலிருந்து ஒருத்தர் வந்து, தன் மகள் கல்யாணத்துக்கு மச்சு ஓட்டல் வேண்டும் என்றார். அறையைக் காட்டப் போனேன். "அது கெடக்கட்டும், நீங்க அம்மிய எறக்குவீகல்ல?" என்று கேட்டார். இறக்கினோம். கம்பம், உத்தமபாளையம், போடி, எங்கெங்கிருந்தோ வந்தார்கள். காசு கொடுத்துத் தங்குவது கேவலம் என்று சொன்ன சனம், மச்சு ஓட்டலில் இறக்கினால்தான் மரியாதை என்று பேச ஆரம்பித்தது. உலக யுத்தத்தின்போது சர்க்கார் ஆட்கள் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்களே, நினைவிருக்கிறதா? ஸ்டேஷனில் ஆடு மேய்ந்தது. மச்சு ஓட்டல் இனி பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிதான் என்று ஊர் சொன்னது. இரும்பைத்தான் அவர்களால் பிடுங்க முடிந்தது. அந்த முகூர்த்த மாதத்தில் ஓட்டல் வாசலில் வண்டி அவிழ்க்க இடம் இல்லாமல், ஆடு மேய்ந்த அந்த ஸ்டேஷன் வெளியில்தான் மாடுகளைக் கட்டினோம். ரயிலுக்காகக் கட்டிய ஓட்டல் ரயில் இல்லாமல் நின்று காட்டியது. தேக்கு உத்தரத்தால் நின்றது என்று நான் பெருமை பேசுவேன். உன் ஆத்தா அம்மியைப் பார்ப்பாள்.

இதைப் புத்திமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அனுபவம் என்று எடுத்துக்கொள். சாவி உன் கைக்கு வந்த பிறகு நீ ஆயிரம் பேருக்குக் கட்டில் போடுவாய், மின்சார விளக்குப் போடுவாய், குழாயில் வெந்நீர் விடுவாய். போடு. எனக்குச் சந்தோஷம். ஆனால் உனக்கு மிச்சமாக இருப்பதைக் கொடுத்துவிட்டு மரியாதை செய்துவிட்டோம் என்று நினைக்காதே. நீ எதை விட்டு எழுந்தாய் என்றுதான் வந்தவன் பார்ப்பான். உன் பெண்டாட்டியாக வரப்போகிற பிள்ளையும் அதைத்தான் பார்க்கும். இன்னொன்று. யாரிடமாவது கேட்கவேண்டியது இருந்தால் போய்க் கேட்டுவிடு. அவன் வெள்ளையடித்து வைத்துவிட்டு உனக்காக மாட்டுக்கொட்டத்தில் படுத்திருப்பான், உனக்குத் தெரியாது.

போன வாரம் கூடலூரிலிருந்து பெண்ணின் தகப்பனார் ஆள் அனுப்பியிருந்தார். எத்தனை அறை, எந்த மாடி என்று ஒன்றும் கேட்கவில்லை. "மச்சு ஓட்டலு வீட்டுக் கல்யாணத்துலயே அம்மி எறங்குதான்னு எங்க ஊரு பொம்பளைக கேக்குறாக. இந்தத் தடவ யாரு தூக்குறாக?" என்று மட்டும் கேட்கச் சொல்லியிருந்தார். மலையடி ஊர் வரைக்கும் சேதி போயிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "நாந்தேன். மொதத் தடவயும் நாந்தேன்" என்றார். அன்றிலிருந்து ஓட்டலுக்குச் சாப்பிட வருகிற ஒவ்வொருத்தரிடமும் அந்தக் கதையைச் சொல்கிறார், சொல்லும்போதெல்லாம் கல்லின் எடை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் மதினிக்குத் தெரியாமல் அவருக்கும் இடுப்பில் தைலம் தேய்த்து விடுவது நான். எங்கள் இரண்டு பேராலும் இனி அது ஆகாது.

ஆகையால் நீ காப்புக் கட்டுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. வியாபாரிகளுக்கு நானே சொல்லிவிட்டேன். மாத்தன் நரைத்த மீசையோடு இப்போதே மூட்டைகளை வராந்தாவுக்குக் கொண்டுவந்துவிட்டான். மூன்று மாடிச் சாவியும் யானை முதல் மீன் வரை துடைத்து எண்ணெய் போட்டுக் கோத்து வைத்திருக்கிறேன், கூடலூர்ச் சம்பந்தி கையில் கொடுக்க. உன் ஆத்தா அம்மியைக் கொத்திக் கழுவிக்கொண்டிருக்கிறாள், சத்தம் இங்கே கேட்கிறது. பஸ் வந்து நிற்கிற நேரத்துக்கு நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கீறல் விழுந்த தரைமேல் நில். பெரியப்பா படியில் நின்று எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கத்துவார், கத்தட்டும். கல்லை நீ தூக்கு. குழவியை நான் எடுத்துக்கொள்கிறேன்.